டிவி ஓடும்போது குரைக்கிற, பாய்கிற, பதுங்குகிற நாய்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

டிவி உங்கள் நாயின் காதைத் தொடுகிறதா, கண்ணைத் தொடுகிறதா? முதலில் இதைக் கண்டுபிடிக்க வேண்டும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். நாய் எழும், குரைக்கும், பெட்டியை நோக்கி ஓடும். ஆனால் காதில் இருக்கிற கோளாறுக்குக் கண்ணில் வைத்தியம் பார்த்தால் மாதக்கணக்கில் ஒன்றும் நடக்காது. பட்டாசலில் (முன்கூடத்தில்) டிவியை இடம் மாற்றி, உயரத்தில் மாட்டி, முன்னால் தடுப்பு வைத்து எல்லாம் செய்து பார்த்திருப்பார்கள். விளம்பரத்தில் காலிங் பெல் அடித்ததும் நாய் பழையபடி வாசலுக்குத்தான் ஓடும்.

அதனால் கீழே அறிகுறிகளுக்குப் போகும் முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

எது தூண்டுகிறது என்று பிரித்துப் பார்ப்பது

நாய் துள்ளுகிற அந்தக் காட்சியை யூடியூபில் தேடி எடுங்கள். கிடைக்காவிட்டால் டிவியில் ஓடும்போது செல்போனில் பிடித்துவைத்துப் பிறகு டிவியில் போட்டுக்கொள்ளலாம். அரை நிமிடத் துண்டு போதும். நாய் சாப்பிட்டு முடித்து, வெளியே போய்வந்து, காலை நீட்டிப் படுத்திருக்கிற நேரமாகப் பாருங்கள்.

முதலில் சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் ஓடவிடுங்கள். இரண்டாவது, திரைமேல் ஒரு போர்வையைத் தொங்கவிட்டு, வழக்கமாக நீங்கள் வைக்கிற சத்தத்தில் ஒலியை மட்டும். மூன்றாவது, அதே ஒலியை டிவி இல்லாத அறையில் செல்போனில். ஒவ்வொன்றுக்கும் நடுவே குறைந்தது பத்து நிமிடம் விடவேண்டும். ஒருமுறை கிளம்பிய பதற்றம் உடனே அடங்காது. அடுத்தடுத்துப் போட்டால் முதல் சோதனையின் குரைப்பு மூன்றாவதிலும் ஒட்டிக்கொண்டு வரும்.

படத்துக்கு மட்டும் எழுந்தால் கண். போர்வைக்குப் பின்னாலிருந்து வந்தாலும் குரைத்தால் காது. செல்போனுக்கும் குரைத்தால் டிவிப் பெட்டிக்கு இதில் சம்பந்தமே இல்லை, அந்த ஒலிதான் சங்கதி. மூன்றிலும் அசையவில்லை, ஆனால் வீட்டார் கூடி உட்கார்ந்து கிரிக்கெட் பார்க்கும்போது மட்டும் குதிக்கிறது என்றால், அது டிவிக்குக் குதிக்கவில்லை. விக்கெட் விழுந்ததும் நீங்கள் போடுகிற கூச்சலுக்குக் குதிக்கிறது. அந்த வீடுகளில் பயிற்சி தேவைப்படுவது நாய்க்கு அல்ல.

நடைமுறையில் காதுதான் அதிகம் வரும். அமெரிக்காவில் ஆபர்ன் பல்கலைக்கழகத்தார் 453 நாய்களின் வளர்ப்பாளர்களிடம் விவரம் கேட்டு 2025இல் வெளியிட்ட ஆய்விலும், குரைப்பு, ஊளை போன்ற நாய்ச் சத்தம் வந்தால் எப்போதும் திரும்புபவை ஏறக்குறைய 45 விழுக்காடு. துறுதுறுப்பான நாய்கள் திரையில் ஓடுகிற பொருளைப் பின்தொடர்ந்தன, பயந்த சுபாவமுள்ளவை காலிங் பெல், வண்டிச் சத்தம் போன்ற விலங்கல்லாத தூண்டல்களுக்கு அசைந்தன என்ற பிரிவும் அதில் இருக்கிறது. உங்கள் நாய் எந்தச் சாதி என்பதைவிட எந்தச் சுபாவம் என்பதைக் கவனித்தால் கீழே எந்தப் பகுதி உங்களுக்கானது என்று பிடிபடும்.

திரையில் நாய் என்ன பார்க்கிறது

இதைத் தாண்டிப் போகலாம், ஆனால் தெரிந்திருந்தால் பாதித் தவறுகள் குறையும்.

நாய்க்கு நிறம் பிரிக்கும் செல்கள் இரண்டு வகை மட்டும். நீலமும் மஞ்சளும் நன்றாகப் பிரியும். சிவப்பும் பச்சையும் மங்கின மஞ்சள் பழுப்பாக ஒன்றோடொன்று கலந்துவிடும். டெஸ்ட் மேட்சில் புல்மேல் உருளும் சிவப்புப் பந்தைப் பார்க்காமல் படுத்துக்கிடக்கிற நாய், இரவு ஆட்டத்தில் வெள்ளைப் பந்து உருளும்போது தலையைத் தூக்குவது இதனால்தான். அங்கே நிறம் உதவாது, வெளிச்ச வேறுபாடுதான் உதவுகிறது. கூர்மையும் நம்மைவிடக் குறைவு. நாம் 75 அடியிலிருந்து பிரித்துப் பார்ப்பதை அது 20 அடிக்கு வந்தால்தான் பிரிக்கும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. கீழே ஓடும் செய்தி வரிகள் அதற்கு வெறும் ஊர்கிற பட்டை.

ஆனால் அசைவில் நம்மை மிஞ்சும். 1936இல் காவல் நாய்களை வைத்துப் பார்த்த ஒரு பழைய சோதனையில், அசைகிற பொருளை 800, 900 மீட்டரில் கண்டுகொண்ட நாய்கள், அதே பொருள் அசையாமல் நின்றபோது 585 மீட்டருக்குள் வந்த பிறகே கண்டுகொண்டன. 2022இல் எமோரி பல்கலைக்கழகத்தில் இரண்டு நாய்களை எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்கவைத்துப் படம் காட்டியபோதும், திரையில் இருப்பது யார், எது என்பதைவிட என்ன நடக்கிறது என்பதைத்தான் மூளை தெளிவாகப் பதிந்தது.

அடுத்தது சிமிட்டல். விளக்கு வேகமாக அணைந்து எரிந்தால் ஒரு கட்டத்துக்கு மேல் நமக்கு அது தொடர்ந்து எரிவதாகவே தோன்றும். பெரும்பாலும் நொடிக்கு 60 முறைக்குள் நமக்கு அந்தக் கட்டம் வந்துவிடும். நாய்க்கு 75 வரை போகவேண்டும். பழைய குழாய் டிவி நொடிக்கு 50 முறைதான் திரையை எழுதியது. நமக்குப் படம், அதற்கு மினுக் மினுக்கென்று ஒரு பெட்டி. எல்இடி டிவியில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே இருட்டு விழுவதில்லை. அதனால் சிமிட்டலும் இல்லை. ‘முன்பெல்லாம் நாய் டிவியே பார்க்காது, இப்போதுதான் பார்க்கிறது’ என்று பெரியவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. மாறியது டிவி.

குரைப்பு, காலிங் பெல், கேட் சத்தம் வந்ததும் வாசலுக்கு ஓடுகிறது

நாய் இங்கே தப்புச் செய்யவில்லை. பெல் அடித்தால் ஆள் வரும் என்பதை நீங்கள்தான் நூறு தடவை மெய்ப்பித்திருக்கிறீர்கள். சோப்பு விளம்பரத்தில் அடிக்கிற டிங்டாங்கும் வாசல் டிங்டாங்கும் அதற்கு ஒன்றே.

சுலபமான வேலையை முதலில் செய்யுங்கள்: வீட்டு பெல்லின் ஒலியை மாற்றுங்கள். பல ராகம் உள்ள பெல் என்றால் விளம்பரங்களில் வராத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் பெல்லையே மாற்றிவிடுங்கள். பழைய டிங்டாங்குக்குப் பின் யாரும் வராமலே போனால் அதன் மதிப்பு தானாகக் குறையும். இது மட்டுமே சில வீடுகளில் போதுமானது. அடுத்து டிவியின் ஒலி அமைப்பில் ஆட்டோ வால்யூம் அல்லது நைட் மோட் இருக்கிறதா என்று பாருங்கள். நிகழ்ச்சிக்கும் விளம்பரத்துக்கும் இடையே திடீரென்று ஏறும் சத்தத்தை அது மட்டுப்படுத்தும். ஊஃபர் தரையில் இருந்தால் மேலே தூக்கி வையுங்கள். அது நாயின் காது மட்டத்தில் இருந்துகொண்டு அடிக்கிறது.

இதற்கும் மசியாத நாய்க்குத் தீனியோடு சேர்த்துப் பழக்க வேண்டும்.

உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாமல் வெறுந்தண்ணீரில் அவித்த கோழி நெஞ்சுக்கறி, எலும்பு எடுத்தது. 20 கிலோ எடையுள்ள நாய்க்கு ஒரு நாளைக்கு 50 கிராம் போதும். அரைக் கொண்டைக்கடலை அளவுக்கு நறுக்கினால் எழுபது எண்பது துண்டு வரும். அந்த அளவுக்குச் சோற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். கறி சேராத வீட்டில் அவித்த முட்டை. அல்வா, மிக்சர், பிஸ்கட் வேண்டாம். நெய்யும் சீனியும் வயிற்றைக் கெடுக்கும், உலர்ந்த திராட்சை சிறுநீரகத்தையே கெடுக்கும்.

அந்தச் சத்தத்தை மட்டும் மூன்று நான்கு நொடித் துண்டாகச் செல்போனில் வைத்துக்கொள்ளுங்கள். நாயின் காது ஒருமுறை திரும்பவேண்டும், உடம்பு எழக்கூடாது, அதுதான் தொடக்க அளவு. பல நாய்களுக்கு இது நமக்கே சரியாகக் கேட்காத அளவாக இருக்கும். ஒலி வரட்டும். ஒரு நொடி கழித்துத் துண்டு. ஒலி நின்றதும் கையும் நிற்கவேண்டும். கால் நிமிடம் அரை நிமிடம் என்று மாற்றி மாற்றி இடைவெளி விட்டு எட்டுப் பத்து முறை. மொத்தம் ஐந்து நிமிடத்துக்கு மேல் போகவேண்டாம். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை.

ஒலி கேட்டதும் வாசலைப் பார்க்காமல் உங்கள் கையைப் பார்க்கத் தொடங்கினால் ஒரு படி கூட்டலாம். இரண்டு தடவை தொடர்ந்து அப்படிப் பார்க்கும்வரை கூட்டாதீர்கள். மறுபடி குரைத்தால் இரண்டு படி இறங்குங்கள். செல்போனில் முழுச் சத்தத்துக்கும் அசையாமல் இருந்தால் டிவிக்கு மாற்றி, திரும்பவும் அடியிலிருந்து தொடங்கவேண்டும். செல்போன் ஸ்பீக்கரில் அடித்தொனி வராது. டிவியில் வரும் ஒலி நாய்க்குப் புதிது. ‘செல்லில் சரியாகிவிட்டது, டிவியில் மட்டும் குரைக்கிறது’ என்பதற்குக் காரணம் இந்தப் படியைத் தாண்டியதுதான். அவசரப்படாமல் போனால் மூன்று நான்கு வாரம், பிடிவாதக்காரனுக்கு இரண்டு மாதம்.

கெட்டுப்போகும் இடங்கள் இரண்டு. ஒன்று வரிசை. தீனிப் பையைத் திறக்கும் சரசரப்பு முதலில், ஒலி பிறகு என்று போனால் நாய் பையைத்தான் படிக்கும். துண்டுகளை முன்கூட்டியே கையில் எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று வீட்டார். ஒருவர் பொறுமையாகத் தீனி கொடுக்க, மற்றொருவர் நாற்காலியிலிருந்து ‘ஏல, சும்மா கெட!’ என்று சத்தம்போட்டால், நாயின் கணக்கில் வீட்டில் இன்னொருவரும் சேர்ந்து குரைக்கிறார், அவ்வளவுதான்.

திரைமேல் பாய்கிறது, பிராண்டுகிறது, பின்கால் ஊன்றி நிற்கிறது

மாடு, ஆடு, முயல், குதிரை, பறவை, கபடி ஆட்டம். குறுக்காக ஓடுகிற எதுவும். கோவில்பட்டி, கழுகுமலைப் பக்கத்திலிருந்து வரும் கன்னி, சிப்பிப்பாறை நாய்களில் இது அதிகம். கண்ணால் பார்த்துத் துரத்துவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த சாதி. நீண்ட மூஞ்சியுள்ள இந்த நாய்களுக்கு விழித்திரையில் பார்வைச் செல்கள் அகலவாக்கில் ஒரு பட்டைபோலச் செறிந்திருக்கும். அதனால் பக்கவாட்டில் ஓடும் அசைவு தப்பாது. சப்பை மூஞ்சிப் பக் நாய்க்கு அந்தச் செறிவு நடுவில் திரண்டிருக்கும். அது டிவிக்கு நேராக உட்கார்ந்து முறைக்கும். சிப்பிப்பாறை வாசலில் படுத்தபடியே ஓரக்கண்ணில் பிடித்துக்கொண்டு ஒரே பாய்ச்சலில் வந்துசேரும்.

திரை உடைவது நட்டம் மட்டும். டிவி நாய்மேலோ பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைமேலோ சாய்ந்தால் உயிருக்கே ஆபத்து. பயிற்சிக்கு முன்னால் டிவியைக் கட்டிவிடுங்கள். பின்பக்கத்து மேல் துளைகள் இரண்டிலும் பட்டை கோத்துச் சுவரில் பிடிக்கவேண்டும். சுவரில் மாட்டுவதானால் திரையின் கீழ் விளிம்பு நாய் நிற்கும்போது அதன் கண்மட்டத்துக்கு மேலே நன்றாகத் தூக்கி இருக்கட்டும், நாலரை அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர் என்றால் கவனம். துளை போட்டால் காரை உதிரும், குட்டைப் பிளக் நாளைக்கே கழன்று கையோடு வரும். செங்கல்வரை இறங்குகிற நீள ஸ்க்ரூவும் அதற்கேற்ற பிளக்கும் வேண்டும். வீட்டுக்காரர் சுவரில் கைவைக்க விடமாட்டார் என்றால் கனமான மேஜையோடு சேர்த்துக் கட்டுங்கள்.

இனி பழக்கம். டிவியிலிருந்து 10, 12 அடி தள்ளி ஒரு விரிப்பு. கோரைப்பாய் மொசைக் தரையில் வழுக்கும், பத்தமடைப் பாயை நாய் நகத்துக்குக் கொடுக்க மனசு வராது. பழைய ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போடுங்கள். டிவி அணைந்திருக்கும்போதே அதில் படுத்தால் தீனி என்று மூன்று நான்கு நாள் பழக்கவேண்டும். பிறகு ஆறடிக் கயிறு கழுத்துப்பட்டையில் மாட்டி, கயிற்றின் மறுமுனை உங்கள் காலடியில். சத்தமில்லாமல், மெதுவான அசைவுள்ள நிகழ்ச்சி: செய்தி வாசிப்பு, சமையல். ஐந்து நொடிக்கு ஒரு துண்டு, பிறகு பத்து, பிறகு அரை நிமிடம். அதில் நிலைத்த பிறகே விலங்குப் படம், அதுவும் முதலில் ஓட்ட வேகத்தைப் பாதியாகக் குறைத்து. யூடியூபில் அந்த வசதி இருக்கிறது.

கவனிக்கவேண்டிய நொடி ஒன்று உண்டு. பாய்வதற்கு முன்னால் நாய் வாயை மூடும், காது முன்னால் விறைக்கும், எடை முன்காலுக்குப் போகும், கண் கொட்டாது. அந்த நொடியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பும். கால் தரையைவிட்டுக் கிளம்பிவிட்டால் எந்தப் பெயரும் காதில் ஏறாது. டிவியைப் பார்க்காமல் நாயைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டிய பயிற்சி இது. நீங்கள் விரும்பிப் பார்க்கிற சீரியல் நேரத்தில் இதை வைத்துக்கொள்ளாதீர்கள்.

துரத்தும் நாய்க்குத் துரத்த ஏதாவது வேண்டும். காலையில் வெயில் ஏறும் முன், வேலி போட்ட இடத்தில் அல்லது நீளக் கயிற்றில், இருபது நிமிட ஓட்டம். அது இல்லாமல் விரிப்புப் பழக்கம் மட்டும் கன்னிக்கும் சிப்பிப்பாறைக்கும் நிற்காது.

டிவிக்குப் பின்னால் போய் மோந்து பார்க்கிறது

கோளாறே இல்லை. கண்ணும் காதும் ‘உள்ளே நாய் இருக்கிறது’ என்கின்றன, மூக்கு ‘இல்லை’ என்கிறது. நாய் மூக்கைத்தான் நம்பும். சில தடவை சரிபார்த்துவிட்டு விட்டுவிடும். ஆபத்து வயர்களில். எல்லா வயரையும் பிவிசி குழாய்க்குள் விட்டுச் சுவரோடு அடித்துவிடுங்கள், எக்ஸ்டென்ஷன் பெட்டி தரையில் கிடக்கவேண்டாம். குட்டி வயரைக் கடித்து விறைத்துக் கிடந்தால் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். பிழைத்து எழுந்து நடந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்டவேண்டும். நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்தும் வரும்.

எதைப் போட்டாலும் திரும்பியே பார்ப்பதில்லை

பெரும்பாலும் இதுவும் கோளாறல்ல. மணமில்லாத, கிட்டே வராத ஒன்றில் அக்கறையில்லாத நாய்கள் நிறைய. இருந்தாலும் இரண்டைப் பார்த்துவிடுங்கள்.

டிவி எது? 2006க்குப் பிறகு அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குலக் கலர் டிவி இன்னும் சில வீடுகளில் ஓடுகிறது. குழாய் டிவி என்றால் மேலே சொன்ன சிமிட்டல். அதோடு அந்தப் பெட்டியிலிருந்து 15,625 ஹெர்ட்சில் மெல்லிய ‘கீ’ என்ற ஒலி வந்துகொண்டே இருக்கும். வயதானவர்களுக்கு அது கேட்காது. 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கிற நாய்க்கு நன்றாகவே கேட்கும். டிவி போட்டதும் எழுந்து தார்சாவுக்கு (தாழ்வாரத்துக்கு) போய்ப் படுக்கிற நாய் அலட்சியம் செய்யவில்லை, ஒலியிலிருந்து விலகுகிறது. போகட்டும், தடுக்காதீர்கள்.

காது கேட்கிறதா? முழு வெள்ளை ராஜபாளையம் நாய்களில் பிறவிச் செவிடு கூடுதலாக உண்டு. நாய் தூங்கும்போது பின்பக்கமாகப் போய், அதன் பார்வைக்கும் காற்றோட்டத்துக்கும் தரை அதிர்வுக்கும் எட்டாமல் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். காதுமடல்கூட அசையாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு காது மட்டும் கேட்கிற நாய் அசையும், ஆனால் ஒலி வந்த திசை தெரியாமல் தலையைச் சுற்றிச் சுற்றித் திருப்பும்.

மேளம், வேட்டு, இடி வந்தால் கட்டிலுக்கடியில் பதுங்குகிறது

நடுக்கம், எச்சில் வடிதல், மூச்சிரைப்பு, வால் வயிற்றோடு ஒட்டுதல். இது பயம். ‘பழகட்டும்’ என்று பக்கத்தில் கட்டிப்போட்டுச் சத்தத்தைக் கூட்டுவதுபோல நாசம் வேறில்லை. அடுத்த தடவை டிவி ரிமோட்டை எடுத்தாலே ஓடும்.

திருநெல்வேலிப் பக்கத்து நாய்க்கு வெளியேயும் இதே சத்தம்தான். நெல்லையப்பர் கோவில் ஆனித் தேரோட்டத்தை டிவியில் போட்டால் வேட்டு, தெருவில் கொடை (கோவில் திருவிழா) என்றால் நையாண்டி மேளமும் உடுக்கையும் மைக் செட்டும். நேரில் பயந்தது டிவிக்கும் ஒட்டிக்கொள்ளும். ஆனால் நேர்ச் சத்தத்தை நம்மால் குறைக்க முடியாது, டிவியைக் குறைக்கலாம். பயம் போக்குவதற்கு டிவி நல்ல கருவி என்பது இதனால்தான். மேலே காலிங் பெல்லுக்குச் சொன்ன முறையே, இரண்டு மாற்றங்களுடன். தொடக்க ஒலி இன்னும் குறைவாக இருக்கவேண்டும். நாய் தீனியை வாங்க மறுத்தால் ஏற்கெனவே அளவு மீறிவிட்டது என்று பொருள். மேளத்தையும் வேட்டையும் ஒன்றாகப் போடாமல் தனித்தனியாகப் பழக்குங்கள். ஆடிக் கொடைக்கு வைகாசி கடைசியில், தீபாவளிக்கு ஆவணியில் தொடங்கினால் நேரம் சரியாக இருக்கும். திருவிழா நாளன்று பயிற்சி வேண்டாம். உள்ளறையில் ஜன்னலைச் சாத்தி, ஃபேனை வேகமாக வைத்து, பழைய சேலை ஒன்றை விரித்துக் கொடுங்கள்.

பயந்த நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் வளரும் என்று ஒரு பேச்சு உண்டு. வளராது. அதுவாக மடியில் வந்து ஒட்டினால் தடவுங்கள், ஒளிந்துகொண்டால் இழுக்காதீர்கள். பயம் கடுமையாக இருந்தால் மருத்துவர் எழுதிக்கொடுக்கும் மாத்திரைகள் உண்டு. வீட்டுப் பெரியவரின் தூக்க மாத்திரையை உடைத்துக் கொடுக்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

ஐந்தாறு வருடம் அசராமல் இருந்த நாய் திடீரென்று சத்தத்துக்குப் பயந்தால் முதலில் வலி இருக்கிறதா என்று பாருங்கள். மூட்டோ முதுகோ வலிக்கும்போது திடுக்கிட்டுத் துள்ளினால் வலி கூடும், அந்த வலி சத்தத்தோடு சேர்ந்துவிடும். படி ஏறத் தயங்குகிறதா, எழுந்திருக்கும்போது நொண்டுகிறதா?

தரையிலும் சுவரிலும் விழும் வெளிச்சத்தைத் துரத்துகிறது

ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு டிவி பார்க்கும் வீடுகளில், பளபளப்பான டைல்ஸ் தரையில் திரையின் ஒளி ஆடும். நாய் திரையை விட்டுத் தரையைத் துரத்தும். பார்க்க வேடிக்கை. ஆனால் பட்டியலில் அவசரமாக நிறுத்தவேண்டியது இதுதான். ஒளியைப் பிடிக்கவே முடியாது. வேட்டை முடியாத நாய் மணிக்கணக்கில் சுவரையே பார்த்துக்கொண்டு நிற்கும் அளவுக்கு இது முற்றும்.

அறை விளக்கைப் போட்டுப் பாருங்கள், டிவியின் பிரைட்னஸைக் குறையுங்கள், டிவிக்கு முன்னால் பளபளக்காத விரிப்பு ஒன்றைப் போடுங்கள். லேசர் விளக்கும் செல்போன் டார்ச்சும் பிள்ளைகள் கையில் நாயோடு விளையாட இனி கிடையாது. இரண்டு வாரத்தில் குறையாவிட்டால், அல்லது ஒளி இல்லாதபோதும் தேடினால், மருத்துவரிடம் போகவேண்டியதுதான்.

துணைக்கு டிவி போட்டுவிட்டுப் போனாலும் ஊளையிடுகிறது

டிவி துணையாகாது, தெருச் சத்தத்தை மறைக்கும், அவ்வளவே. நாய்களுக்கென்றே நீலமும் மஞ்சளும் தூக்கலாக வைத்துத் தயாரித்த சேனல்கூட 2012 முதல் அமெரிக்காவில் ஓடுகிறது. ஆனால் தனிமை தாங்காத நாய்க்கு எந்தச் சேனலும் மருந்தல்ல. நீங்கள் வீட்டில் இருக்கும்போது அணைத்துவைத்து, கிளம்பும்போது மட்டும் போட்டால், டிவி போடும் சத்தமே ‘இவர்கள் போகிறார்கள்’ என்ற அறிவிப்பாகிவிடும். இருக்கும்போதும் அவ்வப்போது போடுங்கள். சண்டையும் அழுகையும் வேட்டும் உள்ள சீரியல் சேனலை விட்டுவிட்டு, ஒரே சீரான பேச்சு அல்லது மெல்லிசை வையுங்கள். தினமும் ஒரே பாட்டு வேண்டாம். 2017இல் ஸ்காட்லாந்துக் காப்பகத்து நாய்களுக்குப் பலவகை இசை போட்டுப் பார்த்த ஆய்வில் ரெக்கேவுக்கும் மென்மையான ராக்குக்கும் நல்ல பலன் தெரிந்தது, வகையை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் மேல் என்றும் பட்டது. தனியாக விடுவதை இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம் என்று கூட்டிக்கொண்டு போவதுதான் உண்மையான வேலை.

டிவி அணைந்திருந்தாலும் நடக்கிறது

இருட்டுத் திரையையோ வெறுஞ்சுவரையோ முறைப்பது, ஈ இல்லாத இடத்தில் ஈ பிடிப்பதுபோல வாயைக் கவ்வுவது, தாடை தானாக மெல்வதுபோல ஆடுவது. இவற்றைப் பழக்கத்தால் சரிசெய்ய முடியாது. வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம். தடுப்பூசி போடாத குட்டி என்றால் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயும் இப்படித் தாடையை ஆட்டும். பத்து வயதைத் தாண்டிய நாய் மூலையில் போய் முட்டிக்கொண்டு நின்றால் மூளையின் முதுமை, அல்லது பார்வைக் குறைவு.

இன்னொன்றைத் தனியாகச் சொல்லவேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடாத நாய், அதுவரை இல்லாமல் திடீரென்று வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் சிலிர்த்து, கண்டதைக் கவ்வி, எச்சில் வடித்து, குரல் மாறி, தண்ணீர் விழுங்கத் திணறினால், டிவியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். கிட்டே போகாமல் அறைக்கதவைச் சாத்திவிட்டு கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். கடியோ பிறாண்டலோ காயத்தில் எச்சிலோ பட்டவர்கள் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

மற்றவற்றுக்குப் பக்கத்துக் கால்நடை மருந்தகம், அங்கே முடியாததற்குத் திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி. போகும்போது செல்போனில் படம் பிடித்துக்கொண்டு போங்கள். மருத்துவமனை மேஜையில் நாய் அந்தக் காரியத்தைச் செய்துகாட்டாது. நாயின் முகமும் டிவித் திரையும் ஒரே படத்தில் தெரியவேண்டும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா என்பதும் பதிவாக வேண்டும். எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், அதற்குமுன் என்ன தின்றது, கடைசியாக எந்தத் தடுப்பூசி எப்போது போட்டது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தடுப்பூசி அட்டை இருந்தால் அதுவும்.